ஃபிரிஸ்கோவில் ஜீப்பைத் தூக்கிய கதை

ஜீப்பின் உயரத்தை அளந்த அன்று கராஜ் வாசலில் இருந்தவர்கள்: செந்தில் அண்ணன், இஸ்மாயில் பாய், நான், அப்புறம் ஜீப்பின் பின்பக்கத்தில் நைலான் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த கிரைண்டர். இல்லாதவர் அண்ணனின் மனைவி கவிதா அக்கா. வீட்டுக்குள்தான் இருந்தார். ஆனால் "இந்த விஷயத்துல நான் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதால் அவரை இல்லாதவர் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

என் கம்பெனி என்னை மூன்று வாரத்துக்கு டெக்சாஸ் அனுப்பியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவனும் நான்தான், விமானம் ஏறியவனும் நான்தான். ஆகையால் எதையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கல்லூரியில் எனக்குப் பத்து வருடம் மூத்தவரான செந்தில் அண்ணன், "ஹோட்டல்ல தங்குனீன்னா உங்கம்மா என்னைய என்ன நெனப்பாங்க" என்று அங்கே ஃபிரிஸ்கோ என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே விஷயத்தை ஆரம்பித்தார்.

"தம்பி, நீ சங்ககிரிதான?"

"ஆமாங்ணா."

"லாரி ஊரு. ஸ்பிரிங் பத்தியெல்லாம் தெரியும்ல?"

எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் லாரிப் பட்டறை என்பது உண்மை. அப்பா லாரி ஓட்டுகிறார் என்பதும் உண்மை. ஆனால் நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறவன். ஸ்பிரிங் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உடைந்தால் அப்பா வீட்டுக்கு வரத் தாமதமாகும் என்பதுதான். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன், "கவிதா, ஆள் கெடச்சாச்சு!" என்று போனில் சொல்லிவிட்டார்.

அண்ணனிடம் இருப்பது பழைய சதுர ஜீப். தினமும் அதில்தான் ஆபீஸ் போகிறார், மகள் நிலாவை டேகேர் என்கிற குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறார், ஹனுமார் கோயிலுக்குப் போகிறார். பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் நிமிர்ந்து, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தவர் மாதிரி நிற்கும். போன வருடம் வசந்த காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஏரிக்கரைக்கு முகாம் போனபோது மண்பாதையில் அடிப்பாகம் தட்டி, வேறு ஒருவர் வந்து இழுத்துவிட்டாராம். இழுத்த வண்டி ஒரு மினிவேன், பிள்ளைகுட்டிகளை ஏற்றிப் போகிற குடும்ப வண்டி. அதை அண்ணனால் மறக்க முடியவில்லை.

அதற்கு மருந்து, சஸ்பென்ஷன் லிஃப்ட். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற ஸ்பிரிங்கை மாற்றியோ, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்தோ வண்டியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துவது. கவிதா அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"தூக்கு, எறக்கு, என்னவேணா பண்ணு. ஆனா வண்டி கராஜுக்குள்ள போகணும். போகலன்னா அதே வாரம் வித்துட்டு மினிவேன்."

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. போன வருடம் ஆலங்கட்டி மழையில் வெளியே நின்ற அவருடைய கார், அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நம் ஊரில் ஆலங்கட்டி விழுந்தால் பிள்ளைகள் பொறுக்கித் தின்பார்கள். இங்கே எலுமிச்சம்பழம் அளவில் விழுமாம். பெரியவர்கள் இன்சூரன்ஸுக்குப் போன் செய்வார்கள்.

இனி கிரைண்டர். ஆறு குடும்பம் சேர்ந்து கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வரவழைத்த பெரிய கல் கிரைண்டர் அது. கோயில் அன்னதானம், வளைகாப்பு, பொங்கல் எதுவானாலும் வீடு வீடாகப் போகும். தூக்க நாலு பேர் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்கி இடுப்பு போனதும், "அடுத்த வாரம் மறுபடி ஏத்தணும்ல, வண்டியிலயே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். கூடவே அன்னதானத்துக்கான அரிசி மூட்டைகள், ஒரு அண்டா. ஃபிரீவேயில் எழுபது மைல் வேகத்தில் தினமும் ஆபீஸ் போய் வருகிற ஒரே கிரைண்டர் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் சனிக்கிழமை அளந்தோம். நாடாவின் ஒரு முனையை இஸ்மாயில் பாய் பிடித்துக்கொண்டார். பாய்க்குக் கீழக்கரை, அடுத்த தெருவில் இருக்கிறார். எந்தப் பொருளையும் போட்ட விலைக்கு வாங்குவதை அவமானமாக நினைப்பவர்.

"கிரைண்டர எறக்கிட்டு அளக்கலாமா?" என்றார் பாய்.

"வேண்டாம் பாய்," என்றேன் நான். வந்த நாளிலிருந்து நான் பேசிய முதல் தொழில் வார்த்தை அது. "டெஸ்ட் பண்றப்ப உண்மையா ஓடற நெலமையிலதான் பண்ணணும். தினமும் கிரைண்டரோடதான ஓடுது?"

"படிச்ச புள்ள சொல்றது கேட்டீங்களா பாய்?" என்று அண்ணன் பூரித்துப் போனார். நானும் கொஞ்சம் பூரித்தேன்.

கூரை மேல் கம்பி ரேக் இருந்தது. அதன் உச்சியையும் கராஜ் வாசலையும் அளந்து கழித்துப் பார்த்ததில், இரண்டரை அங்குலம் தூக்கினாலும் இரண்டு விரல் இடைவெளி மிஞ்சும் என்று வந்தது.

இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ஒரு பட்டா சேத்துப் போடச் சொல்றா," என்றார். லாரி ஸ்பிரிங்கில் அடுக்கடுக்காக இருக்கும் இரும்புத் தகடு அது.

"பட்டா இல்லப்பா. சுருள் கம்பி."

"சுருள் கம்பியா? அது மெத்தையிலதான்டா இருக்கும். வண்டின்னு நெனச்சு எதையோ வாங்கிட்டாங்க போல. நல்லா சாப்புடு." வைத்துவிட்டார். எங்கள் தரப்பின் லாரி அனுபவம் இத்துடன் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை பார்க்கக் கிளம்பினோம். வழியில் டாக்கோ சாப்பிட்டோம். சப்பாத்தியை மடித்து, உள்ளே பீன்ஸ் மசியலும் சீஸும் வைத்தது. அண்ணனுக்கு ஞாயிறு கோயில் நாள் என்பதால் கறி ஆகாது, பாய்க்கு ஹலால் வேண்டும், எனக்கு எது எதற்குள் இருக்கும் என்று தெரியாது. மூவரையும் பீன்ஸ் ஒன்று சேர்த்தது. பச்சை சட்னி நம் ஊர்ச் சட்னி மாதிரியே இருந்ததால் தாராளமாக ஊற்றிக்கொண்டேன். பேச்சு திரும்ப வர நேரமானது.

முதல் கடையில் தாடி நெஞ்சுவரை வளர்ந்த ஒருவர் இருந்தார். ஜீப்பைச் சுற்றி வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இதை எங்கே ஓட்டப் போகிறீர்கள்? பாறையா, சேறா, மணலா?"

"டேகேர்," என்றார் அண்ணன்.

தாடிக்காரர் பின்கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "அது என்ன, இன்னொரு இன்ஜினா?"

"இல்லை, மாவு அரைக்கிற கல்."

"எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவீர்களா?"

"ஆமாம்."

காட்டுக்குப் போகிறவர்கள் கோடாரி, கயிறு எல்லாம் கொண்டு போவதை அவர் பார்த்திருப்பார். கல்லைக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்ததில்லை. மரியாதை கூடிவிட்டது. "தினசரி வண்டிக்கு ரெண்டு அங்குலம் போதும். நல்ல ஸ்பிரிங்காகப் போடுகிறேன், பாரம் ஏற்றினாலும் இறக்கினாலும் உயரம் அவ்வளவாக மாறாது. கூலியோடு ஆயிரத்து அறுநூறு டாலர்," என்றார்.

பாய் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "ஆயிரத்து அறுநூறா! ஊர்ல பைக்கே வாங்கிரலாம். வாங்க மாப்ள, நான் பாத்துத் தர்றேன்."

வாரம் முழுக்க நான் ஆபீஸில் இருந்தபோது பாயிடமிருந்து படங்களாக வந்துகொண்டிருந்தன. புதன்கிழமை ஒன்று சிக்கியது. டென்டன் பக்கம் ஒருவர், கொஞ்ச நாளே ஓட்டிய இரண்டரை அங்குல ஸ்பிரிங் செட்டை நூற்றைம்பதுக்குத் தருகிறார். மாலையில் பெட்ரோல் பங்க் ஒன்றில் சந்திப்பதாக ஏற்பாடு. டெக்சாஸில் பெட்ரோல் பங்க் என்றால் உள்ளே ஒரு பலசரக்குக் கடல், ஐம்பது வகை உலர்ந்த மாட்டிறைச்சி, தொப்பி, வேட்டைக்காரர் நாற்காலி, அதற்கப்புறம்தான் பெட்ரோல்.

ஆள் வந்தார். நல்ல மனிதர். ஸ்பிரிங்குகளை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் விற்கிறீர்கள்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஜீப் இப்போது இல்லை."

"ஏன்?"

அவர் தான் இறங்கிய வண்டியைத் திரும்பிப் பார்த்தார். மினிவேன். பக்கவாட்டுக் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது. உள்ளே இரண்டு குழந்தைகள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தன.

"கராஜ்?" என்றார் அண்ணன், குரல் இறங்கி.

"கராஜ்," என்றார் அவர்.

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது அண்ணன், "நம்ம அளந்தது கரெக்ட்தான தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"டெஸ்ட் பண்ணியாச்சுங்ணா," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, பாய்க்குத் தெரிந்த ஒரு பட்டறையில் மாட்டினோம். மாலையில் ஜீப் வெளியே வந்தது. பின்பக்கம் நிமிர்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளி ஆண்டுவிழாவில் மெடல் வாங்கப் போகிற பையன் மாதிரி நின்றது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறி உட்கார நான் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது.

இருட்டும் நேரத்தில் வீடு திரும்பினோம். ஜீப் வைத்திருப்பவர்கள் சாலையில் ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொள்வது இங்கே வழக்கம். அன்று எதிரே வந்த எல்லா வண்டியுமே எங்களைப் பார்த்து விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. "பாத்தியா தம்பி, தூக்குன வண்டிக்குன்னே ஒரு மரியாத," என்று அண்ணன் ஒவ்வொருவருக்கும் கை காட்டினார். ஒரு லாரிக்காரர் ஹார்னையும் சேர்த்து அடித்தார். அவருக்கு அண்ணன் வணக்கமே வைத்தார். வண்டி உயர்ந்ததில் எங்கள் முகப்பு விளக்கும் உயர்ந்து நேராக அவர்கள் கண்ணில் அடிக்கிறது என்பது வீட்டு வாசலில் நின்று பார்த்த கவிதா அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டபோதுதான் தெரிந்தது.

ஆனால் கராஜுக்குள் போனது. மேலே இரண்டு விரல் இடைவெளி. நான் விரலை வைத்துக் காட்டினேன். அக்கா ஏணி போட்டு ஏறித் தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

"சரி. இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

மறுநாள் சித்திரைப் பிறப்பு விருந்து. தேதி முன்பே போய்விட்டது, ஆனால் இங்கே வருடப்பிறப்பும் ஞாயிற்றுக்கிழமையில்தான் பிறக்கும். காலையில் ஜீப்பை வெளியே நிறுத்தி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். வடைக்கு அரைப்பதற்காக நாலு பேர் சேர்ந்து கிரைண்டரைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரிசி மூட்டையும் அண்டாவும் சமையலுக்குப் போயின. ஆறு குடும்பமும் வந்து சேர்ந்தது. விருந்தினர் ஒவ்வொருவரும் ஜீப்பைச் சுற்றி வந்து, "இன்னும் ஒசரமாத் தெரியுதே!" என்றார்கள். அண்ணன் அடக்கமாகச் சிரித்தார்.

பதினொரு மணி வாக்கில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தின. ஆலங்கட்டி மழை எச்சரிக்கை. மேற்கே வானம் பச்சையாக இருந்தது. கத்தரிக்காய் நிறத்தில் வானம் பார்த்திருக்கிறேன், பச்சையில் பார்த்ததில்லை. விருந்தினர்கள் எல்லாரும் பக்கத்து வங்கியின் கூரை போட்ட கார் நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்கள். வெளியே நின்றது ஜீப் ஒன்றுதான்.

அண்ணன் நிதானமாகச் சாவியை எடுத்தார். கராஜ் கதவைத் திறந்து, ஜீப்பை உள்ளே விட்டார்.

டங்.

மேலே ரேக் வாசலில் இடித்து, கதவோரத்து ரப்பர் பிய்ந்து தொங்கியது.

"நேத்து போச்சே!" என்றார் அண்ணன்.

முருகேசன் அங்கிள் முன்னால் வந்தார். அந்தத் தெருவில் எந்த வீட்டில் எது ஆனாலும் காரணம் சொல்கிறவர். "இது ஃபவுண்டேஷன் இஷ்யூ. இங்க களிமண்ணு. ராத்திரியில வீடு எறங்கியிருக்கு."

"ஒரே ராத்திரியிலயா அங்கிள்?"

"டெக்சாஸ்ல எல்லாமே பெருசாத்தான் நடக்கும்."

டயரில் காற்றை இறக்கினோம். கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. ரேக்கைக் கழற்றலாம் என்றால் போல்ட் எல்லாம் துருப்பிடித்து ஒட்டிப் போயிருந்தது. அப்போதுதான் பின்கட்டிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அண்ணனின் கையைப் பிடித்தேன்.

"அண்ணா, நம்ம அளந்தது கிரைண்டரோட."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாரம் இறங்கியதும் ஸ்பிரிங் நிமிர்ந்துவிட்டது. பின்பக்கம் இத்தனை வருடமும் தாழ்ந்து கிடந்ததற்கும் அந்தப் பாரம்தான் காரணம் என்பது பாய்க்கும் புரிந்துவிட்டது, அண்ணனுக்கும் புரிந்துவிட்டது.

பின்கட்டுக்கு ஓடினோம். வடைக்குப் பொறுப்பான லட்சுமி ஆண்ட்டி கிரைண்டர் முன்னால் கையை விரித்து நின்றார். "உளுந்து பாதிதான் அரைஞ்சிருக்கு. யாராவது கை வச்சீங்க, வட கெடையாது."

முதல் ஆலங்கட்டி கொல்லைப்புறப் புல்லில் விழுந்து குதித்தது.

"கிரைண்டர் வேணாம்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கவிதா அக்கா. கையில் பாயசப் பாத்திரம். "வெயிட்டுதான வேணும்? எல்லாரும் ஏறுங்க!"

கீழக்கரை பஸ் ஸ்டாண்ட் பாய்க்குள் எழுந்து நின்றது. "வாங்க வாங்க வாங்க! உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு! அங்கிள், கால மடக்குங்க! ஆண்ட்டி, நீங்க கடைசி, பின்னாடி!"

"ஏன், நான்தான் இங்க வெயிட்டா?" என்றார் ஓடி வந்த லட்சுமி ஆண்ட்டி.

"நீங்க இல்ல ஆண்ட்டி, உங்க கையில இருக்கற பாத்திரம்."

"இது ஸ்பூன்."

"ஸ்பூனோட ஏறுங்க ஆண்ட்டி!"

பின்சீட்டில் நாலு பேர், கிரைண்டர் இருந்த இடத்தில் மூன்று பேர், முன்னால் அக்கா. நானும் இன்னொருவரும் பின் பம்பரில் தொற்றிக்கொண்டோம். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளிருந்து ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். நிலா கண்ணாடி வழியாக ஆங்கிலத்தில் கத்தியதன் பொருள்: "அப்பா, இது சட்டப்படி சரியா?"

"ரைட், ரைட்!" என்று பாய் கதவைத் தட்டினார்.

ஜீப் அங்குலம் அங்குலமாக உள்ளே போனது. ரேக் ரப்பரை உரசி, மெதுவாகத் தாண்டியது. எல்லாரும் கை தட்டினோம். முருகேசன் அங்கிள் வெற்றிக் களிப்பில் முதலில் இறங்கிவிட்டார். அவர் இறங்கியதும் வண்டி எழும்பி, திறந்து மேலே கிடந்த கராஜ் கதவைத் தொட்டு கிர்ர்ர் என்றது.

"ஏறுங்க அங்கிள்!" என்று பத்துக் குரல் ஒன்றாகக் கத்தியது. கதவு கீழே இறங்கி மூடும்வரை யாரும் இறங்க முடியாது. அங்கிள் ஏறினார். கதவு முனகிக்கொண்டே எங்கள் முதுகுக்குப் பின்னால் மூடியது. அடுத்த நிமிடம் கல் விழ ஆரம்பித்தது. கூரைமேல் யாரோ லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம். கதவு மூடியாகிவிட்டது, இறங்கலாம். ஆனாலும் ஒருவரும் இறங்கவில்லை. அக்கா பாயசத்தை டம்ளர் இல்லாமல் ஆண்ட்டியின் ஸ்பூனால் பின்னால் நீட்ட, ஸ்பூன் சுற்றி வந்தது.

இரைச்சல் குறைந்ததும் அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வித்துரலாமா, கவிதா?"

அக்கா திரும்பி, மடங்கி நெளிந்து கிடந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இத யாரு வாங்குவா? வாங்கறவனுக்கு இவங்க எல்லாரையும் சேத்தா குடுக்க முடியும்?"

பின்னாலிருந்து முதலில் சிரித்தது லட்சுமி ஆண்ட்டி. வண்டியே குலுங்கியது. புது ஸ்பிரிங் நன்றாகத்தான் வேலை செய்தது.

தீர்ப்பு அன்று மாலை வடையோடு வந்தது. வண்டி இருக்கும். கிரைண்டர் இனி எந்த விசேஷத்துக்கும் ஜீப்பிலிருந்து இறங்காது. அது வண்டியின் பாகம். ஆறு குடும்பத்துக்கும் மாவு அரைக்க, நியூ ஜெர்சி மாநிலத்து ஐசலினில் இருக்கும் ஒரு கடையிலிருந்து அதே அளவில் இன்னொரு கிரைண்டரை செந்தில் அண்ணன் செலவில் வரவழைக்க வேண்டும். பாய் பேரம் பேசிப் பார்த்தார். நியூ ஜெர்சிக்காரர் அசையவில்லை.

நான் ஊருக்குக் கிளம்பிய காலையில் அண்ணன்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். என் பெட்டிக்குப் பக்கத்தில் கிரைண்டர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பெட்டியை இறக்கியதும் அண்ணன் கவலையாகப் பின்பக்கத்தைப் பார்த்தார். "பெட்டி எறங்குனதுல ஒசரம் ஏறிருச்சா?" என்றார். நான் குனிந்து பார்த்து, இல்லை என்று உறுதி சொன்னேன்.

ஸ்பிரிங், மாட்டிய கூலி, சக்கரம் நேர்ப்படுத்தியது, கராஜ் கதவு ரப்பர், லாரிச் செலவோடு ஒரு கிரைண்டர்: மொத்தம் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு டாலர். தாடிக்காரர் கேட்டது ஆயிரத்து அறுநூறு.